அக்காவுக்கு ஒரு மீன் மணி

அன்புள்ள அக்கா,

பெரியவன் நேற்று போனில் புலம்பித் தீர்த்துவிட்டான். "சித்தி, ராத்திரி ஒரு மணி ஆனாலும் அம்மா போனைக் கீழே வைக்கிறதில்லை" என்றான். எனக்குத் தெரியாதா? நீ நடுராத்திரியில் அனுப்புவதைத்தானே காலையில் எழுந்ததும் பார்க்கிறேன். எங்கேயோ கொலை, எங்கேயோ பஸ் கவிழ்ந்தது, எதைத் தின்றால் கேன்சர் வரும். அத்தான் போன பிறகு உனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை, புரிகிறது. அதற்காக இருட்டில் தனியாக உட்கார்ந்து இதையா படிப்பாய்?

போனைத் தூக்கிப் போடு என்று சொல்லமாட்டேன். அதே போனில் மனசு லேசாகிற விஷயங்களும் கிடக்கின்றன. ஒன்று சொல்கிறேன், கேள்.

நெதர்லாந்தில் யூட்ரெக்ட் என்று ஓர் ஊர். ஊருக்குள் ஓடும் தண்ணீரில் பழைய மதகு ஒன்று இருக்கிறது. படகு வந்தால்தான் திறப்பார்கள். வசந்த காலத்தில் மீன்களெல்லாம் முட்டையிட எதிர்நீச்சல் போட்டு மேலே போகப் பார்க்கும். அந்தச் சமயம் படகு வரத்து குறைவு. மதகு மூடியே கிடக்க, மீன்கள் கூட்டமாக வாசலில் நிற்கும். நீர்க்காகங்கள் வந்து கொத்திக்கொண்டு போகும். 2021-இல் தண்ணீருக்கடியில் ஒரு கேமரா வைத்து, அதை இணையத்தில் ஓடவிட்டார்கள். கூடவே ஒரு பொத்தான். மீன் கண்ணில் பட்டால், உலகத்தில் எங்கிருந்தாலும் அழுத்தலாம். உடனே ஒரு படம் அங்கே போய்ச் சேரும். நிறைய மீன் காத்திருக்கிறது என்று தெரிந்தால் மதகுக்காரர் கதவைத் திறந்துவிடுவார். மீன்களுக்கு அழைப்பு மணி, அக்கா!

நம் வெண்ணாற்று லஸ்கர் மாமா ஷட்டரைத் தூக்கும்போது, கட்டையில் குப்புறப் படுத்து நாம் இரண்டு பேரும் எட்டிப் பார்ப்போமே, அதே பரபரப்பு எனக்கு வந்துவிட்டது.

அந்த இணையப் பக்கத்தைத் திறந்ததும் வெறும் பச்சைக் கலங்கல்தான் தெரியும். தூசு மிதக்கும், ஓர் இலை உருண்டு போகும், நெடுநேரம் வேறொன்றும் வராது. அவசரப்படாதே. நான் பார்த்த அன்று உடம்பெல்லாம் கறுப்புப் பட்டை போட்ட மீன் ஒன்று ஓரத்திலிருந்து வந்து, கேமராவுக்கு நேரே நின்று, செவுளை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தது. என் விரல் தானாக மணிக்குப் போய்விட்டது. விலாங்கும் வருமாம், நம் கெண்டைச் சாதியும் வருமாம். உனக்குத்தான் தூரத்திலேயே மீனை அடையாளம் தெரியுமே, எனக்கு எல்லாம் மீன்தான்.

இதுபோல அலாஸ்காவில் கட்மாய் வனப்பூங்காவில் கரடிகளுக்குக் கேமரா வைத்திருக்கிறார்கள். குளிர்காலத் தூக்கத்துக்கு முன் சால்மன் மீனைத் தின்று எது நன்றாகக் கொழுத்தது என்று 2014-இலிருந்து வருஷா வருஷம் ஜனங்கள் ஓட்டுப் போடுகிறார்கள். ஓட்டிஸ் என்ற பல் தேய்ந்த கிழக்கரடி நான்கு தடவை ஜெயித்தது. மற்றவை ஓடியாடிச் சண்டை போடும். இது ஒரே இடத்தில் உட்கார்ந்து, மீன் வரும்வரை காத்திருந்தது. அந்தப் பொறுமைக்கே என் ஓட்டு.

இன்னொன்றும் கேள். மெல்பர்ன் மாநகராட்சி 2013-இல் மரங்களுக்கு ஆளுக்கொரு மின்னஞ்சல் முகவரி கொடுத்தது, கிளை முறிந்தால் புகார் எழுதட்டும் என்று. ஜனங்கள் மரத்துக்கே அன்பாகக் கடிதம் எழுதினார்கள். மரம் எழுதுவது போலச் சிலருக்குப் பதிலும் போயிருக்கிறது. கொல்லைப் பூவரசோடு நீ பேசுவதைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கெல்லாம் இதைச் சொல்.

மீன் மணி மார்ச்சில் ஆரம்பித்து மே வரை நடக்கும். இப்போது பங்குனி, நல்ல சமயம். நமக்கு ராத்திரி பத்து என்றால் அங்கே இன்னும் மாலைதான். நீ வாசல் கதவைப் பூட்டிவிட்டு உட்காரும் நேரத்தில், ஊர் பேர் தெரியாத எத்தனையோ பேர் உன்னோடு சேர்ந்து அந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். தனியாக இருக்கிறோம் என்று நினைக்காதே. நீ அழுத்துகிற மணியால் ஒரு மீனுக்காவது வழி கிடைக்கும்.

சனிக்கிழமை வரும்போது அந்தப் பக்கத்தை உன் போனில் போட்டுத் தரப் பெரியவனிடம் சொல்லியிருக்கிறேன். பதினோரு மணிக்குமேல் உட்காரக் கூடாது, இப்போதே சொல்லிவிட்டேன். பிரஷர் மாத்திரையைத் தவறவிடாதே. சின்னவளுக்குப் பரீட்சை முடிந்ததும் சித்திரையில் எல்லோரும் வருகிறோம். வடு மாங்காய் கிடைத்தால் எனக்கும் சேர்த்துப் போட்டு வை.

உன் தங்கை,
செல்வி