கம்பெனி கட்டிய ஊர்

ரயில் நிலையத்துக்குப் பெயர் டாடாநகர். ஊருக்குப் பெயர் ஜாம்ஷெட்பூர். சுவர்ணரேகாவும் கர்காயும் கூடும் இடத்தில் சாக்சி என்ற கிராமமாக இருந்த இதற்கு, 1919-ல் வைஸ்ராய் செம்ஸ்ஃபோர்ட் சூட்டியது ஜாம்ஷெட்ஜி டாடாவின் பெயரை. ஜார்க்கண்டின் இந்த எஃகு நகரில் பிஸ்டுபூர் கடைவீதியில் நடந்தாலும் ஜூபிலி பூங்காவில் உட்கார்ந்தாலும், ஒரு கேள்வி விடுவதில்லை: லாபம் சம்பாதிப்பதற்கு மேல் ஒரு கம்பெனி ஊருக்கு என்ன கடன்பட்டிருக்கிறது?

ஆலைக்கு இடமே முடிவாகாத 1902-ல், அகலமான தெருக்கள், நிழல் மரங்கள், விளையாட்டு மைதானங்கள், கோயில், மசூதி, சர்ச் எல்லாவற்றுக்கும் இடம் விடும்படி மகன் தோராப்ஜிக்குக் கடிதம் எழுதினார் ஜாம்ஷெட்ஜி. இரண்டே ஆண்டில் அவர் காலமானார். ஆலையில் எஃகு உருகத் தொடங்கிய 1912-லேயே எட்டு மணி நேர வேலை வந்தது. 1915-ல் இலவச மருத்துவம், 1920-ல் பிராவிடண்ட் ஃபண்ட். நாட்டில் பிராவிடண்ட் ஃபண்டுக்குச் சட்டம் வந்ததோ 1952-ல்தான்.

எல்லாம் தானாகக் கனிந்ததல்ல. அதே 1920-ல் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், 1928-ல் மறுபடியும். அந்தப் போராட்டத்தைப் பேச்சுவார்த்தைக்குக் கொண்டுவந்தவர் சுபாஷ் சந்திர போஸ்.

கணக்குப் புத்தகத்தின் மறுபக்கமும் உண்டு. முதல் உலகப் போருக்குப்பின் மலிவான வெளிநாட்டு எஃகு வந்து குவிந்து ஆலை மூடும் நிலைக்கு வந்தபோது, 1924-ல் சட்டம் இயற்றி இறக்குமதி வரியாலும் மானியத்தாலும் அதைக் காப்பாற்றியது அரசு. விலையாகவும் வரியாகவும் அந்தச் சுமையைத் தாங்கியவர்கள் சாதாரண மக்கள். நிலமும் ஆற்று நீரும் இரும்புத் தாதுவும் இந்த மண்ணுடையவை. ஆகவே பூங்காவும் ஆஸ்பத்திரியும் தர்மமல்ல, வாங்கிய கடனின் தவணை.

அந்தத் தவணை எல்லாருக்கும் சமமாகப் போய்ச் சேரவில்லை. கம்பெனி குடியிருப்புகளில் குழாயும் விளக்கும் குறைவில்லாமல் வந்த காலத்தில், குத்தகை நிலத்தில் தாமாக முளைத்த 86 பஸ்திகள் அவற்றுக்காகக் காத்துக் கிடந்தன. வீட்டு மனைக்கு 'மாலிகானா ஹக்', அதாவது உரிமைப் பட்டா, என்பது அங்கே தேர்தலுக்குத் தேர்தல் ஒலிக்கும் வாக்குறுதி. ஊரை நிர்வகிக்கும் கம்பெனிக்கு வாக்குச்சீட்டு கிடையாது. குடிநீர் வரவில்லை என்றால் மனு கொடுக்கலாம், தோற்கடிக்க முடியாது.

தாராளமயம் வந்தபின் கடனின் அளவும் மாறியது. 1990-களின் தொடக்கத்தில் 75,000-க்கும் மேல் இருந்த ஊழியர் எண்ணிக்கை, அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் ஏறத்தாழ பாதியானது. முன்கூட்டியே விலகியவர்களுக்கு ஓய்வு வயதுவரை மாதாமாதம் பணம் கொடுத்தது கம்பெனி. பல முதலாளிகள் அதுகூடச் செய்வதில்லை. ஆனால் அப்பாவுக்குப் பின் பிள்ளைக்கும் ஆலையில் வேலை என்ற நம்பிக்கை தளர்ந்தது.

2013-ம் ஆண்டு கம்பெனிகள் சட்டம், பெரிய நிறுவனங்கள் தங்கள் மூன்றாண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிடவேண்டும் என்கிறது. எங்கே, யாருக்கு என்று தீர்மானிப்பது நிறுவனத்தின் இயக்குநர் குழு. கடன்பட்டவரே தவணையையும் நிர்ணயிக்கும் விசித்திரம் இது. கடன் உண்டா என்பதற்கு ஜாம்ஷெட்பூர் நூறாண்டுக்கு முன்பே பதில் சொல்லிவிட்டது. கணக்குக் கேட்கும் உரிமை யாருக்கு என்பதற்குத்தான் பஸ்திகள் இன்னும் பதிலை எதிர்பார்க்கின்றன.