ஓரத்தில் இருந்து பார்ப்பவர்கள்

எங்கள் வீட்டில் டிவிக்கு நேர் எதிரே யாரும் உட்காருவதில்லை. பட்டசாலையில் அம்மாவின் கட்டில் வலப்பக்கத் தூணை ஒட்டிக் கிடக்கிறது. அப்பாவின் சாய்வு நாற்காலி இடப்பக்கம், திறந்த முற்றமான வளவின் காற்று வருகிற இடத்தில். நடுவில் ஆள் நடமாடும் வழி. புது டிவி வாங்கலாம் என்று பேச்செடுத்ததிலிருந்து தம்பி 55 அங்குலம், 65 அங்குலம் என்று போனில் படமாக அனுப்பிக்கொண்டிருக்கிறான். எனக்கு அந்தக் கட்டிலும் நாற்காலியும்தான் கண்முன் நிற்கின்றன.

காரைக்குடியை அடுத்த எங்கள் திருப்பத்தூரில் முதன்முதலாக நான் பார்த்த டிவி, திருத்தளிநாதர் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டில் இருந்தது. இழுத்து மூடும் மரக்கதவு வைத்த கறுப்பு வெள்ளைப் பெட்டி. சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15 அன்றே தொடங்கிவிட்டது. ஆனால் அந்த அலை இவ்வளவு தூரம் எட்டாது. எங்களுக்கு முதலில் வந்தது இலங்கையின் ரூபவாஹினி. 1982 பிப்ரவரியில் அது தொடங்கியதும் மொட்டைமாடிகளில் உயரமாகக் குழாய் நட்டு, ஆன்டெனாவைத் தென்கிழக்கே திருப்பி வைத்தார்கள். கொடைக்கானல் கோபுரம் வந்த பிறகு அதே ஆன்டெனாக்கள் மேற்கே திரும்பின. மாடியில் ஒருவர் குழாயைத் திருகுவார், கீழிருந்து "இன்னும் கொஞ்சம்… ஆங், நிறுத்து, நிறுத்து!" என்று தெருவே கத்தும்.

வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' பாட்டு நிகழ்ச்சி நேரத்தில் அந்த வீட்டில் கால் வைக்க இடமிருக்காது. முன்னால் பிள்ளைகள், அவர்களுக்குப் பின்னால் அப்பத்தாக்கள், நிலைப்படியில் வேலை முடித்து வந்த பெண்கள். அதற்கும் அப்பால் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சில முகங்கள். சன்னலில் நின்றவர்களுக்கும் படம் மங்கவில்லை. காரணம் அந்தக் கண்ணாடிக் குழாய். அதன் உட்புறத்தில் பூசியிருக்கும் பாஸ்பரின் மேல் எலெக்ட்ரான்கள் மோத, பூச்சே ஒளிரும். அந்த ஒளி எல்லாப் பக்கமும் பரவும். உள்ளே யாரை விட்டார்கள், யாரை வாசலோடு நிறுத்தினார்கள் என்பது வேறு கதை, அதுவும் வலிக்கிற கதைதான். படம் மட்டும் ஆள் பார்க்கவில்லை.

இப்போது காரைக்குடிக் கடையில் சுவர் முழுக்கத் தொங்கும் டிவிகளில் பெரும்பாலானவை அப்படியல்ல. எல்சிடி திரை தானாக ஒளிராது. பின்னாலிருந்து வரும் எல்இடி வெளிச்சத்தைத் திரவப் படிகங்கள் தடுத்தும் விட்டும் படமாக்குகின்றன. அதில் வி.ஏ. வகைப் பேனல் நேரே பார்த்தால் கறுப்பை நல்ல கறுப்பாகக் காட்டும், ஓரத்துக்குப் போனால் நிறம் வெளுக்கும். ஐ.பி.எஸ். வகையில் கறுப்பு கொஞ்சம் சாம்பல் தட்டும், ஆனால் ஓரத்தில் இருப்பவருக்கும் முகம் முகமாகத் தெரியும். அட்டைப்பெட்டியில் இதைப் பெரும்பாலும் அச்சடிப்பதில்லை. கடைப் பையன் "அண்ணே, நேரா நின்னு பாருங்க" என்றான். நான் அம்மாவின் கட்டில் இருக்கும் கோணத்துக்கு நகர்ந்து நின்றேன்.

கடையில் ஓடும் விளம்பரப் படத்தை நம்பக் கூடாது. பளிச்சென்று தெரிவதற்கென்றே எடுத்தது அது. ஒரு பென்டிரைவில் சிராவயல் மஞ்சுவிரட்டை எடுத்துப் போயிருந்தேன். செம்மண் பறக்க மாடு திரும்பும் வேகத்தில் மலிவான திரைகள் இழுபட்டுப் போகின்றன. பிறகு கேபிள் சேனல் போடச் சொன்னேன். அம்மா பார்ப்பது அதைத்தானே. சாதாரண கேபிள் படத்தில் 576 வரிகள். 4கே திரைக்கு 2160. இடையில் இல்லாததை டிவி இட்டு நிரப்ப வேண்டும். திரை பெரிதாகப் பெரிதாக அந்த ஒட்டு வேலை வெளியே தெரியும்.

அப்பாவுக்குப் பழைய படங்கள் வேண்டும். ஏவி.எம். ஸ்டூடியோ சென்னைக்குப் போகும் முன் காரைக்குடியில் இருந்த காலத்தில் எடுத்த 'நாம் இருவர்' 1947இல் வந்தது. பக்கத்திலேயே உருவான படம் என்று அப்பாவுக்கு அதில் தனிப் பெருமை. ஏறக்குறைய நாலுக்கு மூன்று என்ற அளவில் எடுத்த அந்தப் படங்களை அகலத் திரைக்கு இழுத்துக் காட்டினால் எல்லோரும் குண்டாகிவிடுகிறார்கள். மெனுவில் அசல் அளவு என்று வைத்து, இரு பக்கமும் கறுப்புப் பட்டை விழட்டும் என்று விட்டுவிட வேண்டும். அந்தக் கலைஞர்களுக்கு அந்த மரியாதையாவது செய்யலாம்.

2006 செப்டம்பரில் அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுக்கத் தொடங்கியது. 14 அங்குலம், அதே கண்ணாடிக் குழாய். அதன் மேல் எத்தனையோ விமர்சனம் வந்தது, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. சன்னல் கம்பியைப் பிடித்த கைகளைப் பார்த்தவன் நான். அந்தத் திட்டத்தை என்னால் குறை சொல்ல முடியாது. யாரும் யார் வாசலிலும் நிற்க வேண்டாம் என்று ஆனது. தெருவே கூடிப் பார்த்ததும் அதோடு போயிற்று. இரண்டும் உண்மை, ஒன்றுக்காக இன்னொன்றை மறைக்க எனக்கு மனம் வரவில்லை.

வளவு திறந்த வீடுகளில் பகல் வெளிச்சம் ஒரு சிக்கல். ஓஎல்இடி எந்தக் கோணத்திலும் அழகு, சந்தேகமே இல்லை. அதன் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்கிறது. ஆனால் கடையில் பார்த்தது கண்ணாடிப் பளபளப்பு. மத்தியானத்தில் எங்கள் வளவு வானமே அதில் தெரியும். விலையும் எட்டாது. சுவரில் மாட்டவும் எனக்குச் சம்மதமில்லை. முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புப் பூச்சு அது. துளை போட்டால் அந்த மாதிரிப் பூச ஆள் தேட வேண்டும்.

2025 செப்டம்பர் 22 முதல் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிகளுக்கும் ஜிஎஸ்டி 28இலிருந்து 18 சதவீதமானது. கடைசி விலையில் ஏறக்குறைய எட்டு சதவீதம் குறையும். அந்த மிச்சத்தை ஒலிக்குப் போடலாம் என்று முடிவு செய்தேன். மெல்லிய டிவிகளில் ஒலிபெருக்கி கீழ்நோக்கியோ பின்நோக்கியோ இருக்கிறது. அப்பா வசனம் புரியாமல் சத்தத்தைக் கூட்டுவார், அம்மாவுக்குத் தலைவலி.

ஆக, 43 அங்குலம், ஐ.பி.எஸ்., பளபளப்பில்லாத திரை, மேசை மேல் வைக்கும் கால், கூடவே சின்ன சவுண்ட்பார். தம்பிக்குத் திருப்தி இல்லை. பொங்கலுக்கு வரும்போது கட்டிலில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பார் என்று சொல்லியிருக்கிறேன்.