கணினியின் செவி

வேற்று மொழி வழங்கும் ஊரில் குடியேறியவர்களுக்குத் தாய்மொழியைக் குழந்தைகளுக்கு ஊட்டுவது எளிய செயலன்று. வீட்டில் நாம் பேசுவதால் காது பழகிவிடுகிறது. நா பழகுவதற்கோ, பிழை நேரும்போதே திருத்தும் ஆசான் ஒருவர் வேண்டும். எங்கள் குஷாய்குடாவில் தெருவில் தெலுங்கு, கடைவீதியில் இந்தி, பள்ளியில் ஆங்கிலம் என்பதே நிலை. இன்றைய தெலுங்கில் ழகர ஒலி வழக்கில் இல்லை. ஆகவே நம் குழந்தைகள் ‘பழம்’ என்பதைப் ‘பளம்’ என்று மொழிவதில் வியப்பில்லை.

இக்குறையை நீக்கக் கருதி, தஞ்சையில் வாழும் ஆசிரியை ஒருவரிடம் என் மகளுக்கு ஞாயிறுதோறும் கணினி வழியே பாடம் ஏற்பாடு செய்தேன். கணினி பழையது; லினக்ஸ் என்னும் இயங்குதளத்தில் இயங்குவது. ஹெல்சிங்கியில் மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991ஆம் ஆண்டில் தொடங்கிய அம்முயற்சி, பலரது கூட்டுழைப்பால் வளர்ந்து நிற்கிறது. அதனைப் பெற விலை கொடுக்க வேண்டுவதில்லை. பழைய பொறியிலும் தளராது இயங்கும்.

பாடம் தொடங்கியது. ஆசிரியையின் குரல் கணீரென்று கேட்டது. மகளின் குரலோ அவரை எட்டவில்லை. “வாய் அசைகிறதம்மா, ஒலி வரவில்லையே!” என்று அவர் வருந்தினார். இரண்டு வாரங்கள் இவ்வாறே கழிந்தன. கேளாத குரலை எவ்வாறு திருத்துவது? குழந்தையும் ஆர்வம் குன்றி, “அப்பா, அடுத்த வாரம் வேண்டாமே” என்றாள். பழுது பார்க்கும் ஒருவரோ, புதிய கணினி வாங்குவதே வழி என்றார்.

வண்டி ஒன்று வந்து சேராவிட்டால், எந்த நிலையம் வரை வந்தது என்று ஒவ்வொன்றாக விசாரிப்பது ரயில்வேக்காரர் இயல்பு. குரலையும் அவ்வாறே தேடினேன்.

முதல் நிலையம் செருகும் துளை. மேசைக் கணினியில் இளஞ்சிவப்புத் துளை ஒலிவாங்கிக்கும், பச்சைத் துளை ஒலிபெருக்கிக்கும் உரியவை. கைப்பேசிக்கென விற்கும் ஹெட்செட்டின் ஒற்றைச் செருகியில் மூன்று வளையங்கள் இருக்கும். அதனை இரண்டாகப் பிரிக்கும் சிறு வடம் இல்லாமல் இங்கே செருகினால் பெரும்பாலும் பயன் தராது. எங்களுடையது இரு செருகிகள் கொண்டது, குறை அங்கில்லை.

இரண்டாவது, கணினி அக்கருவியை அறிந்திருக்கிறதா என்பது. டெர்மினலில் ‘ஏரெக்கார்ட் -எல்’ என்று கட்டளையிட்டால், ஒலி வாங்கும் கருவிகளின் பட்டியல் வரும். எங்கள் கணினியிலும் வந்தது. புதிய பொறி வாங்கும் பேச்சு அத்துடன் ஒழிந்தது.

மூன்றாவது ‘அல்சாமிக்சர்’. அதில் எஃப்-6 விசையால் ஒலி அட்டையைத் தேர்ந்து, எஃப்-4 விசையை அழுத்தினால் உள்வரும் ஒலியின் அளவு தெரியும். அது பூச்சியத்தில் கிடந்தால் உயர்த்துக. அடைபட்டிருந்தால் ஸ்பேஸ் விசையால் திறக்க. இங்கும் குற்றமில்லை.

நான்காவது நிலையத்தில் தடை அகப்பட்டது. ‘பாவுகன்ட்ரோல்’ என்னும் செயலியின் கான்ஃபிகரேஷன் பக்கத்தில் ‘அனலாக் ஸ்டீரியோ அவுட்புட்’ என்றிருந்தது. ஒலி வெளியே செல்வதற்கு மட்டும் இசைவு. உள்ளே வருவதற்கு இல்லை. ஒற்றைவழிப் பாதை! அதனை ‘டியூப்ளெக்ஸ்’ என்று இருவழியாக மாற்றினேன். இன்புட் பக்கத்தில் மகள் பேசப் பேச ஒளிக்கோடு துள்ளியது. ஐந்து வினாடி பதிவு செய்து கேட்டோம், அவள் குரலே! இறுதியாக, உலாவியில் ஒலிவாங்கிக்கு அனுமதி அளித்தோம். பலர் வீடுகளில் இவ்வனுமதி ஒன்றே தடையாயிருத்தலும் உண்டு.

அடுத்த ஞாயிறன்று மகள் ‘வாளைப்பளம்’ என்றாள். “நுனிநாவை மேலே வளை, கண்ணு, ஒட்டவிடாதே” என்றார் ஆசிரியை. நான்காம் முறையில் ழகரம் பிறந்தது. பக்கத்து அறையிலிருந்த என் மனைவி ஓடி வந்து எட்டிப் பார்த்தாள்.

எங்கள் ஊரை அடுத்துள்ள இ.சி.ஐ.எல். நிறுவனம் 1967இல் தோன்றி, 1969இல் டி.டி.சி.-12 என்னும் கணினியை உருவாக்கியது. அன்று ஆய்வுக்கூடங்களுக்கே உரியதாயிருந்த பொறி, இன்று நம் வீட்டு மேசையில் தமிழாசிரியரை அமர்த்துகிறது. அன்பர்களே, அது ஊமையானால் உடனே விலைக்கு ஓடற்க. துளை, கருவி, அளவு, வழி, அனுமதி என்று வரிசையாய்த் தேடுக. நம் குழந்தைகளின் நாவில் தமிழ் நிலைப்பதற்கு, அவர்கள் பேசுவதைக் கேட்க ஒரு செவி திறந்திருத்தல் வேண்டும்.