லயமும் வீடும்

சில வாரங்களுக்கு முன் கோயம்புத்தூரிலிருந்து பழைய நண்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். இலங்கைப் பத்திரிகைகளை இணையத்தில் தவறாமல் வாசிப்பவர். "ஏதோ தோட்டத்தில் லயன் அறைகள் எரிந்ததாகப் போட்டிருக்கிறார்களே, அங்கே சிங்கம் வளர்க்கிறார்களா?" என்று கேட்டார். அவர் கேலி செய்யவில்லை. நான் சிரித்துவிட்டு விளக்கம் சொன்னேன். சொல்லி முடித்தபோது சிரிப்பு நின்றுவிட்டிருந்தது.

அது சிங்கமல்ல, 'லைன்' என்ற ஆங்கிலச் சொல். வரிசை என்பது அதன் நேர்ப்பொருள். படைமுகாமில் சிப்பாய்களின் கூடாரங்களும் குடில்களும் நிற்கும் வரிசைகளை 'லைன்ஸ்' என்று பன்மையில் சொல்வது ஆங்கிலேயர் வழக்கம். வட இந்திய நகரங்களில் வெள்ளை அதிகாரிகள் பங்களா கட்டி வாழ்ந்த பகுதிகளுக்கு 'சிவில் லைன்ஸ்' என்று பெயர். டில்லியில் அப்பெயர் இன்றும் வழங்குகிறது. அதே சொல்லைத்தான் இலங்கைத் தோட்டத் துரைமார், தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவந்த தொழிலாளரின் குடியிருப்புக்கும் இட்டார்கள். டில்லியில் அச்சொல்லுக்குள் பங்களா இருந்தது. சப்ரகமுவையில் அதற்குள் 10க்கு 12 அடி அறை இருந்தது.

நம்மவர் வாயில் அது 'லயம்' ஆயிற்று. இசையில் வரும் லயத்துக்கும் இதற்கும் உறவில்லை. 'லாயம்' என்று எழுதுவோரும் உண்டு. குதிரை கட்டுமிடம் என்ற அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் சொல் அங்கிருந்து வரவில்லை. லயம் என்பது முழுக் கட்டடம். அதிலுள்ள ஓர் அறை 'காம்பரா'. இது போர்த்துக்கீசர் விட்டுச்சென்ற சொல். முன்புறத் திண்ணை 'இஸ்தோப்பு', இது ஒல்லாந்தருடையது. நான் பிறந்தது கேகாலை மாவட்டத்து இறப்பர் தோட்டமொன்றின் லயத்தில். ஒரே கூரை. முதல் காம்பராவில் தாத்தா இருமினால் கடைசிக் காம்பராவில் குழந்தை விழித்துக்கொள்ளும்.

"எங்கள் ஊரில் லைன் வீடு என்போமே, அதுதானா?" என்றார் நண்பர். பார்வைக்கு அதுதான். ஆனால் கோவையில் லைன் வீட்டுக்காரர் வாடகை கொடுக்கிறார். பிடிக்காவிட்டால் வேறு வீடு பார்க்கிறார். லயத்துக்கு வாடகை இல்லை. அது வேலையோடு சேர்த்துக் கட்டப்பட்டது. எத்தனை தலைமுறை வாழ்ந்தாலும் கூரையும் நிலமும் தோட்டத்துக்கே சொந்தம். வீட்டு இலக்கமில்லை, கடிதங்கள் தோட்ட அலுவலகத்துக்கு வந்து, யாராவது நினைத்துக்கொள்ளும்போது கைக்கு வரும். பட்டம் பெற்றபின் எனக்கு வந்த முதலாவது நேர்முகப் பரீட்சைக் கடிதம், பரீட்சைத் திகதி கடந்து நான்கு நாட்களுக்குப் பின்னரே கிடைத்தது.

1990களின் பிற்பகுதியில் நான் கொழும்பில் துணை ஆசிரியராக இருந்தேன். சப்ரகமுவ நிருபர் ஒருவர் அனுப்பிய செய்தியில் 'லயம் ஒன்று தீக்கிரை. 12 குடும்பங்கள் நிர்க்கதி' என்றிருந்தது. நான் அதை '12 வீடுகள் தீக்கிரை' என்று திருத்தினேன். லயம் நல்ல தமிழில்லை என்பது நான் சொன்ன காரணம். உண்மைக் காரணம் வேறு. நான் எங்கே பிறந்தவன் என்பதை அந்த அலுவலகத்தில் எவரிடமும் சொல்லியிருக்கவில்லை. அச்சொல் என் மேசைக்கு வரும்போதெல்லாம் உடல் கூசும்.

அடுத்த வாரம் நிருபர் நேரில் வந்தார். வயதில் மூத்தவர். குரலை உயர்த்தவில்லை. "தம்பி, எரிஞ்சது ஒரு கூரைதான். ஒரு கூரைக்குக் கீழ பன்னிரண்டு குடும்பத்த வச்சிருந்தாங்களே, அதுதான் செய்தி. அத வெட்டிப்போட்டீங்க" என்றார்.

நான் எங்கே பிறந்தவன் என்பதை அன்று அவரிடம் சொன்னேன். அவர் எந்தத் தோட்டம் என்று மட்டும் கேட்டார்.

2016 மே மாதப் பெருமழையின்போது கேகாலை மாவட்டத்தின் புலத்கொஹுபிட்டியவில் தோட்டத்து லயம் மண்சரிவில் புதையுண்டது. செய்தி மேசையில் இளையவர் ஒருவர் 'வீடுகள் புதைந்தன' என்று எழுதியிருந்தார். மாற்றச் சொன்னேன். காரணம் கேட்டார். வீடென்றால் அந்தச் சரிவில் குடியிருக்க அவர்களே இடம் பார்த்ததாகிவிடும். லயம் எங்கே நிற்கவேண்டும் என்று அதில் வாழ்ந்தவரிடம் எவரும் கேட்டதில்லை என்றேன். அவர் பேசாமல் மாற்றினார்.

ஆகவே நண்பருக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். 'லயன்' என்றெழுதிச் சிங்கத்தை வரவழைக்க வேண்டாம். 'தொடர்மனை' என்றெழுதி அழகுபடுத்தவும் வேண்டாம். அங்கே வாழ்கிறவர்கள் சொல்வது லயம். அதையே எழுதுவோம்.

ஆனால் இந்தச் சட்டத்துக்கும் ஓர் எல்லையுண்டு. என் அம்மாவுக்குச் சில ஆண்டுகளுக்கு முன் 7 பேர்ச்சஸ் காணியில் தனிவீடு கிடைத்தது. கடந்த தீபாவளிக்கு முதல்நாள் தொலைபேசியில், பழக்கதோஷத்தில், "அம்மா, லயத்துலதான் இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

"லயமில்லப்பா. வீடுன்னு சொல்லு" என்றார்.

திருத்தத்தை ஏற்றுக்கொண்டேன். அம்மாவின் வாசலில் நின்று பார்த்தால் பழைய லயம் தெரியும். அங்கே இன்னும் விளக்கெரிகிறது. அங்கிருப்பவர்களைப் பற்றி எழுத நேர்ந்தால் லயம் என்றே எழுதுவேன்.