மாமாவோட கட்டைவிரல்

ரெண்டு வாரமா ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. இன்னிக்குத்தான் கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைச்சுது. ரொம்ப நாளா மனசுல உறுத்திக்கிட்டு இருக்குற ஒரு விஷயத்தை எழுதிடலாம்னு உட்கார்ந்துட்டேன்.

எங்க மாமா, அம்மாவோட தம்பி, மசாஜ் செய்யுறவர். காலேஜ்ல நாலு வருஷமும் நான் இதை யார்கிட்டயும் சொன்னதில்லை. "ரிசார்ட்ல மேனேஜர்"னு அளந்து விட்டிருக்கேன். மசாஜ்னு சொன்னா பசங்க எப்படிச் சிரிப்பானுங்கன்னு உங்களுக்கே தெரியும். இதுல என்ன கொடுமைன்னா, என் முதல் வருஷ ஹாஸ்டல் ஃபீஸே அவர் டிப்ஸா வாங்கின யூரோ நோட்டை மாத்திக் கட்டினதுதான்.

எங்களுக்கு நாகர்கோவில் பக்கம். எண்ணெய் போட்டுத் தடவுறது எங்க ஊருக்குப் புதுசு இல்ல. வர்ம ஆசான்கள் இருக்குற மண்ணு. சித்த மருத்துவத்துல இதுக்குத் தொக்கணம்னு பேரு. தட்டல், இறுக்கல், பிடித்தல்னு ஒன்பது வகை சொல்லுவாங்க. மாமா பத்தாவதோட படிப்பை விட்டுட்டு ஒரு ஆசான்கிட்ட அஞ்சு வருஷம் இருந்தார். அப்புறம் பஸ் ஏறி கோவளம் போய் ஒரு ஆயுர்வேத ரிசார்ட்ல சேர்ந்துட்டார்.

அங்கே வேலை எப்படின்னா, ஒரே மரத்துல குடைஞ்ச தோணி மாதிரி ஒரு மேசை. அதுல ஆள் படுத்திருப்பார். ரெண்டு பக்கமும் ரெண்டு பேர் நின்னு, ஒரே நேரத்துல, ஒரே அழுத்தத்துல உழியணும். ஒருத்தர் கை முந்தினா கூடப் படுத்திருக்குறவருக்குத் தெரிஞ்சிடும். ஆம்பளைங்களுக்கு ஆம்பளைங்க, பொம்பளைங்களுக்குப் பொம்பளைங்க. நவம்பர்லேர்ந்து பிப்ரவரி வரைக்கும் வெள்ளைக்காரங்க கூட்டம். நம்ம ஆடி மாசத்தை ஒட்டி வர்ற கர்க்கடகத்துல மலையாளிங்களே சிகிச்சைக்கு வருவாங்க. நடுவுல காத்து வாங்கணும்.

2004 டிசம்பர் 26 சுனாமி வந்தது நல்ல சீசன்ல. எங்க குளச்சல்ல செத்தவங்களே நூத்துக்கணக்குல. மாமாவோட ரிசார்ட்டுக்கு ஒண்ணும் ஆகலை, ஆனா ஒரே வாரத்துல அறை எல்லாம் காலி. அஞ்சு மாசம் கொத்தனாருக்குக் கையாள் வேலைக்குப் போனார். அப்போ எனக்கு ஏழு வயசு. சிமெண்ட் ஒட்டின கையோட எனக்குப் பனங்கற்கண்டு வாங்கிட்டு வந்தது ஞாபகம் இருக்கு.

அது கூடப் பரவாயில்லை. நிஜ அடி 2016-ல விழுந்தது. கட்டைவிரலோட அடி மூட்டு தேஞ்சு போச்சு. அழுத்துற வேலை முழுக்கக் கட்டைவிரல் மேலதானே? பாட்டில் மூடி திறக்க முடியலை. சட்டைப் பட்டன் மாமிதான் போட்டு விட்டாங்க. டாக்டர் கையைக் கட்டி, "வேலையை மாத்திக்கோங்க"ன்னு சொல்லிட்டார். 41 வயசுல, பத்தாவது படிச்ச ஆளு என்னத்தை மாத்துறது?

முதல்ல காலால உழியறதை முயற்சி பண்ணினார். மேலே கயிறு கட்டி அதைப் பிடிச்சுக்கிட்டு, தரையில படுத்திருக்குறவர் உடம்புல பாதத்தால உழியறது. களரிக்காரங்க வழக்கம். கயித்தைப் பிடிக்கவும் கட்டைவிரல் வேணுமேன்னு ரெண்டு மாசத்துல அதை விட்டுட்டார். அப்புறம் முன்கையும் முழங்கையும். ரிசார்ட்ல ஒத்துக்கலை. எதிர்ப்பக்கம் நிக்குறவரோட கை சேரலையாம். எண்ணெய் காய்ச்சுற இடத்துக்கு மாத்தி, சம்பளத்தையும் குறைச்சாங்க. ஒரு வருஷம் பொறுத்துப் பார்த்துட்டு ஊருக்கு வந்துட்டார்.

வந்ததும் ஒரு சாதா மரமேசை செஞ்சு, அதோட காலை நாலு விரல் உயரம் அறுத்தார். ஆசாரி திட்டினாராம், புது மேசையை எவனாவது அறுப்பானான்னு. மாமா கணக்கு இதுதான்: நேரா நின்னு கையைத் தொங்கவிட்டா, மடக்கின விரல் முட்டி மேசையைத் தொடணும். அப்போ நம்ம உடம்பு எடையே அழுத்திடும். கைக்கு வேலை கம்மி. "ராத்திரி வலி பாதியாக் கொறஞ்சிட்டு மக்கா. இத்தன வருசம் தோள வச்சு மல்லுக்கட்டிருக்கேன், கேட்டியா"ன்னார்.

கொஞ்சம் நிமிர்ந்தப்போ 2020 மார்ச் 25. ஊரடங்கு. தொட்டாத்தான் அவருக்குச் சோறு, தொடவே கூடாதுன்னுட்டாங்க.

பக்கத்துத் தெருவுல பக்கவாதம் வந்த ஒரு பெரியவர். பிசியோதெரபி நின்னு போச்சு. அவர் மகன் வந்து கெஞ்சியிருக்கான். மாமா டாக்டர் எழுதிக் கொடுத்த பயிற்சிச் சீட்டைக் கொண்டு வரச் சொன்னார். தான் திண்ணையில உட்கார்ந்து, அந்தப் பையனை முற்றத்துல நிறுத்தி, ஒரு தலையணையை வச்சு எப்படிப் பிடிக்கணும், எப்படி மடக்கி நீட்டணும்னு வாயாலயே சொல்லிக் கொடுத்தார். அதைக் கேள்விப்பட்டு இன்னும் நாலு வீடு. இப்போ அவருக்குப் பாதி வருமானம் சொல்லிக் கொடுக்குறதுலதான். மீதி அந்தக் குட்டை மேசையில. பெரிய பணம் இல்ல. கடனும் இல்ல.

இதெல்லாம் இப்போ ஏன் எழுதுறேன்?

போன வருஷம் எனக்கு வலது கை மரத்துப் போக ஆரம்பிச்சுது. நடுராத்திரி முழிப்பு வரும், கையை உதறினாத்தான் தூக்கம். டீம்ல ஆள் குறைச்சுக்கிட்டு இருந்த நேரம். வெளியே சொன்னா அடுத்த பேர் நம்மளோடதா இருக்குமோன்னு பயம். பொட்டி தட்டுறவனுக்குக் கை போனா என்ன மிச்சம்? ஒருநாள் ராத்திரி ரெண்டு மணிக்கு மாமாவுக்கு போன் போட்டேன்.

அவர் கேட்டது ஒரே கேள்வி. "சுண்டுவிரல் மரக்குதா?"

"இல்ல மாமா. கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல்."

"அப்ப மணிக்கட்டுல நரம்பு நெருங்குதுலே. நான் தடவிச் செரியாக்குற காரியமில்ல. காலைல நரம்பு டாக்டரப் போய்ப் பாரு."

டாக்டரும் அதையேதான் சொன்னார். டெஸ்ட் எடுத்துட்டு, ராத்திரி மாட்டிக்க ஒரு பட்டை கொடுத்தார். நாலு நாள் கழிச்சு மாமா ரயிலேறி சென்னைக்கே வந்துட்டார். நான் வேலை பார்க்குற மேசையைப் பார்த்தார். என் மணிக்கட்டு மேல்பக்கமா வளைஞ்சு நின்னுச்சு. மறுபேச்சு பேசலை, ஹவுஸ் ஓனர்கிட்ட ரம்பம் கேட்டு வாங்கிட்டு வந்தார். ஆன்லைன்ல 6000 ரூபா கொடுத்து வாங்கின மேசை சாமி அது! நாலு காலும் மூணு விரல் போச்சு. :-)

அறுத்து முடிக்கிற நேரத்துக்கு என் ரூம்மேட் வந்தான். காலேஜ்லேர்ந்து கூட இருக்குறவன். "இவர்தான் ரிசார்ட் மேனேஜர் மாமாவா?"ன்னான். மாமா என்னை நிமிர்ந்து பார்த்தார். ஒண்ணும் சொல்லலை, மரத்தூளைக் கூட்ட ஆரம்பிச்சுட்டார்.

"இல்லடா. மசாஜ் பண்றவர்"ன்னேன்.

அவன் சிரிக்கலை. "அங்கிள், எனக்கு ஆறு மாசமா கழுத்து வலி"ன்னு அப்படியே தரையில உட்கார்ந்துட்டான். மாமா கையைக் கழுவிட்டு வந்து, அவன் கழுத்தைத் தொடுறதுக்கு முன்னாடி, "மொதல்ல நீ உக்காந்து வேல பாக்குற எடத்தக் காட்டு மோனே"ன்னார்.

கை இப்போ தொண்ணூறு சதவீதம் பரவாயில்லை. ராத்திரி பட்டையை மறக்காம மாட்டிக்கிறேன். மேசைதான் ஒரு கால் கொஞ்சம் குட்டை. அடியில பேப்பர் மடிச்சு வச்சிருக்கேன்.