பசுபதிநாதர் திருமுன்

பணியின் பொருட்டு யான் பீகாரில் மோதிகாரியில் வைகிய காலத்து, முதிய அன்னையார்க்குப் பசுபதிநாதரைத் தரிசிக்கும் வேட்கை மிக்கது. சனிக்கிழமை விடியலில் மோட்டார் வண்டியிற் புறப்பட்டு ரக்சௌல் எல்லையை அடைந்தோம். இந்தியர்க்கு அங்கு விசா வேண்டா. வண்டிக்கோ ‘பன்சார்’ என்னும் சுங்கச்சீட்டு உண்டு, நாட்கணக்கிற் கட்டணம். இரண்டு நாளுக்குக் கட்டினேன். கடிகாரத்தை 15 நிமிடம் முன்தள்ளி, மலைவழி ஏறிக் காத்மாண்டு சேருமுன் இருட்டிவிட்டது.

ஞாயிறு காலை திருக்கோயில் புகுந்தோம். கருவறைக்கு நாற்புறமும் வாயில். மேற்கே சத்தியோசாதம், வடக்கே வாமதேவம், கிழக்கே தற்புருடம், தெற்கே அகோரம் என முகம் நான்குடைய இலிங்கத் திருமேனி. ஈசானமோ மேனோக்கி உருவின்றி நிற்பது. பூசை புரிவோர் கருநாடகத்தினின்று வந்த பட்டர் என்றறிந்து அன்னையார் மகிழ்ந்தார். ஆயினும் கண்படலம் முதிர்ந்த அவர்க்கு நான்கு வாயிலிலும் விளக்கொளியன்றி வேறொன்றும் புலப்படவில்லை. “முகம் தெரியவில்லையப்பா” என்றார்.

ஆணவமலத்தைக் கண்ணிற் படலத்திற்கும், தீக்கையை அதனை நீக்கும் மருத்துவன் தொழிற்கும் ஒப்பிடுதல் நம் ஆகம மரபு. அவ்வுவமையை அவைதோறும் விரித்துரைத்தவன் யான். தாயார் கண்ணுக்குரிய அறுவையை இரண்டாண்டு தள்ளிப்போட்டவனும் யானே. மறுமொழி கூற நா எழவில்லை.

பாகுமதிக் கரையில் அமர்ந்தோம். ஈமத்தீ இரண்டு எரிந்துகொண்டிருந்தன. அவற்றின் வெப்பம் மட்டும் அவர்க்குத் தெரிந்தது போலும். முகத்தை அத்திசை திருப்பி நெடுநேரம் இருந்தார்.

“வண்டிச் சீட்டு எத்தனை நாளுக்கு?”

“இன்றோடு முடிகிறதம்மா.”

“அப்படியானால் எழு” என்று என் தோளைப் பற்றி எழுந்தார்.

புதன்கிழமை அவரைக் கண்மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன்.