புட்டியின் அடியில் கடுகு

தப்பு என்னுடையது. பழியைப் பையன் மேல் போட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கிழக்கு லண்டனில் சாண்ட்விச் கடை வைத்திருந்தேன். வினிகரில் ஊறிய வெள்ளரிப் பிஞ்சுக்கு இங்கே கெர்கின் என்று பெயர். 2004-இல் திறந்த 180 மீட்டர் உயரக் கட்டடத்தையே அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். மீன் - சிப்ஸ் கடைகளில் பழைய லண்டன்காரர்கள் ‘வாலி’ கேட்பார்கள், அதுவும் இதுதான். அமெரிக்கர்களுக்கு இது ‘பிக்கிள்’. ஆங்கிலேயரிடம் பிக்கிள் என்றால் 1922 முதல் விற்கிற பிரான்ஸ்டன் மாதிரி, காய்த்துண்டு போட்ட இனிப்புப் புளிப்புத் தொக்கு. போலந்துக் கடைகளில் ‘ஓகூர்க்கி’; வினிகர் படாமல் உப்புநீரிலேயே புளித்ததும் கிடைக்கும். எனக்கு இதெல்லாம் அத்துப்படி. வேலைக்கு வந்த மாணவனிடம் நிறையவே அளந்திருக்கிறேன்.

அவன் சிரித்துக்கொண்டே கேட்பான். அந்தக் காயை என்னைவிட அறிந்தவன் அவன். அவன் வீட்டில் கம்பெனிக்காரர்களிடம் விதை வாங்கி அதைப் பயிர் வைத்தவர்கள். தமிழ்நாடு, கர்நாடகம், ஆந்திரப் பக்கம் ஒப்பந்தத்தில் விளைவிக்கிறார்கள். ஏறக்குறைய 90 நாள் பயிர். ஒருநாள் பறிக்காமல் விட்டால் பிஞ்சு பெருத்து விலை இறங்கிவிடும். கிலோவுக்கு 160-க்கு மேல் நிற்கிற பொடிசுக்குத்தான் மவுசு. அங்கிருந்து பீப்பாயிலும் புட்டியிலும் கப்பலேறுகிறது.

அன்று காலை புதுப் புட்டியைத் திறந்தவன் அவன்தான். “அண்ணே, இதுல கடுகு கிடக்கு. பழைய புட்டியில இல்ல. பட்டியல்ல எழுதிடவா?”

“அப்புறம் பாத்துக்கலாம்” என்றேன்.

இந்த நாட்டுச் சட்டத்தில் அலர்ஜிப் பொருள்கள் 14. கடுகு அதில் ஒன்று. 2014 டிசம்பரிலிருந்து என்னைப் போன்ற சில்லறைக் கடைக்காரனும் வாடிக்கையாளருக்கு அதைச் சரியாகச் சொல்லியாக வேண்டும். எனக்குத் தெரியும்.

மத்தியானம். வரிசை கதவைத் தாண்டி நின்றது. ஓர் அமெரிக்கப் பெண் கேட்டார்: பிக்கிளில் கடுகு உண்டா?

இல்லை என்றேன்.

புட்டி என் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது. நம் ஊர்க் கருங்கடுகு அல்ல, வெளிர்மஞ்சள். சதகுப்பைத் தழையோடு அடியில் படிந்திருந்தது. திரும்பினால் கண்ணில் பட்டிருக்கும். திரும்பவில்லை. தெரியாமல் முழிக்கிற கடைக்காரனாக வரிசைக்கு முன்னால் நிற்கக் கூசியது. வேறு காரணம் இல்லை.

அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து சாப்பிட்டார். சிறிது நேரத்தில் உதடு வீங்கியது. பேச்சு அடைத்தது. கைப்பையைக் காட்டினார். ஊசியை எடுத்துக் கொடுத்தது பையன். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டதும் அவன்தான். நான் கையுறையைக்கூடக் கழற்றாமல் நின்றேன். அவர் பிழைத்தார். அன்றிரவு ஆஸ்பத்திரியில் இருந்தார்.

கவுன்சிலிலிருந்து உணவுப் பாதுகாப்பு அதிகாரி வந்தார். அந்தப் பெண் தொக்கைத்தான் கேட்கிறார் என்று நினைத்துவிட்டேன் என்றேன். புட்டி மாறியதைப் பையன் சொல்லவில்லை என்றேன். இரண்டும் பொய். அந்தப் பெண் வாயைத் திறந்ததுமே அமெரிக்கர் என்று தெரிந்துவிட்டது. எதைக் கேட்கிறார் என்றும் தெரியும். ஆனால் பெயர்க் குழப்பம் நல்ல சாக்கு. யாரும் நம்புவார்கள். அதிகாரியும் நம்பினார். எழுத்தில் ஓர் எச்சரிக்கையோடு தப்பினேன்.

பையன் பக்கத்திலேயே நின்றான். மறுத்துப் பேசவில்லை. மாணவர் விசா, படிப்புக் காலத்தில் வாரம் 20 மணி நேரம்தான் வேலை, அதில் வாடகை. என்னை எதிர்த்துப் பேச முடியாது என்று தெரிந்துதான் சொன்னேன். அந்த வாரமே வேலையை விட்டும் நிறுத்தினேன், நடவடிக்கை எடுத்ததாகக் காட்டிக்கொள்ள. “சரிண்ணே” என்றான். பாக்கிச் சம்பளத்தைக்கூட அவனாகக் கேட்கவில்லை. நானும் உடனே கொடுக்கவில்லை.

பிறகு கடையை விற்றுவிட்டேன். கவுன்சில் கோப்பில் அவன்தான் கவனக்குறைவானவன். எழுதித் திருத்தலாம், இதுவரை எழுதவில்லை. அபராதத்துக்குப் பயந்து அல்ல. ஈஸ்ட்ஹாம் பக்கம் கோயிலுக்குப் போனால் நாலு பேர் என்னை இன்னும் ‘முதலாளி’ என்கிறார்கள். அதை விட மனம் வரவில்லை.